போகாத நீளம்

— தள்ளாத நொரீன், தள்ளாத. கதவு படகுல இடிச்சுக்கிட்டு நிக்குது. நீ தள்ளத் தள்ள உன் இடுப்புதான் போகும்.

— என் இடுப்பு போனாப் போகட்டும். நீ படகு மூக்கை இன்னும் கொஞ்சம் முன்னால கொண்டுபோ, லென்.

— மூக்கு சுவத்துல முட்டிடுச்சு. இதுக்கு மேல முன்னால போகணும்னா இந்த லாக் தொட்டியையே இடிச்சுக்கிட்டுத்தான் போகணும்.

— கோணலா வெச்சியா? மூலைக்கு மூலை?

— மூலைக்கு மூலைதான் வெச்சிருக்கேன். பக்கத்துல தொங்கற முட்டுக்கயிறெல்லாம் மேல தூக்கியாச்சு. சுக்கானை மடக்கியாச்சு. நான் என்ன சொல்றேன்னா, கணக்கு கணக்குதான். இந்தத் தொட்டி அம்பத்தேழரை அடி. நம்ம படகு அறுபத்திரெண்டு.

— கோணலா வெச்சா அறுபது போகும்னு படகுக்காரங்க எல்லாரும் சொல்றாங்க.

— அறுபது போகும். நம்மது அறுபது இல்லையே.

— எவ்வளவு இடிக்குது?

— ஒரு முழம் இருக்கும். பின்பக்கம் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, கதவு எப்பிடி மூடும்? கதவு மூடலைன்னா தண்ணி எப்பிடி நிக்கும்? தண்ணி நிக்கலைன்னா படகு எப்பிடி மேல ஏறும்?

— எனக்குப் பாடம் நடத்தாத. பதினோரு வருஷமா லாக் கதவு தள்ளுறவ நான். நீ சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு ஆடாம நிக்கிறவன்.

— என் நெஞ்சுல மெஷின் வெச்சிருக்கு நொரீன். கதவு தள்ளக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

— மெஷின் வெச்சது ஆறு வருஷம் முன்னால. அதுக்கு முன்னால அஞ்சு வருஷம்?

— மேல வந்து உக்காரு. டீ போடறேன்.

— போடு. ஊரே முழுகினாலும் டீ போடு.

— நான் என்ன சொல்றேன்னா, இதைத்தான் நான் வேக்ஃபீல்டுலயே சொன்னேன். போகாது, வீணா அலையாதன்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னே. என் கண்ணால பாக்கணும்னு வந்தேன். பாத்துட்டேன். ஒரு முழம். பதினோரு வருஷமா எனக்கு இடிக்கிறது இந்த ஒரு முழம்தான்னு இன்னிக்குத்தான் தெரியுது. நான் என்னமோ மலையே குறுக்க நிக்குதுன்னு நினைச்சுட்டிருந்தேன்.

— உன் மக ட்ரூடிகிட்ட நான் பேசறேன். போனைக் குடு.

— நீ பேசினா அவ வெச்சிடுவா. திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு வண்டி வருது. அவளைக் கட்டிலோட தூக்கி அந்த முதியோர் விடுதியில கொண்டுபோய்ப் போடப் போறாங்க. அவளுக்கு நாப்பத்தேழு வயசு. பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவளுக்குத் தொண்ணூத்தொண்ணு.

— அங்க நல்லாத்தான் பாத்துப்பாங்க.

— அந்த நலத்துறை ஆபீஸ் அம்மா என்ன சொன்னா, உனக்கு ஞாபகம் இருக்கா? கூப்பிடுற தூரத்துல சொந்தக்காரங்க ஒருத்தர் இருந்தாப் போதும், வீட்டுலயே இருக்கட்டும்னு சொன்னா. கூப்பிடுற தூரம், லென்! அவ தோட்டத்துக் கடைசில கால்வாய். கரையில ரெண்டு இரும்பு வளையம். நமக்காக அவ நடக்க முடிஞ்ச காலத்துல அவளே அடிச்சு வெச்ச வளையம். அங்க படகைக் கட்டியிருந்தோம்னா ஜன்னலைத் தட்டினாலே எனக்குக் கேட்டிருக்கும்.

— கட்ட முடிஞ்சா கட்டியிருக்க மாட்டோமா?

— வருஷா வருஷம் ஏப்ரல் மாசம் போன் பண்ணுவா. அம்மா, வளையத்துக்குப் பெயின்ட் அடிச்சாச்சு, துருப்பிடிக்காம இருக்கும்னு சொல்லுவா. கை வராமப் போனதுக்கப்புறம் பக்கத்து வீட்டு ஆளை விட்டு அடிக்கச் சொன்னா. இந்த ஏப்ரல்ல போன் வரலை.

— உனக்குப் போகணும்னா பஸ்ல போயிருக்கலாம். நான் என்னிக்காவது வேண்டாம்னு சொன்னேனா?

— ஆகா! வேண்டாம்னு சொல்ல மாட்டே நீ. நான் பஸ் ஏறின மறுநாளே உனக்கு நெஞ்சு வலிக்கும். போன மார்ச்ல ஒரு வாரம் அவளோட இருக்கலாம்னு போனேன். ஒத்தை ரூம் வீடு. அவ கட்டில், அவளைத் தூக்குற மெஷின், நடுவுல நான் ஒரு நாற்காலியில. அஞ்சாம் நாள் நீ போன் பண்ணினே. மயக்கமா இருக்கு, படகை நகர்த்தணும், பதினாலு நாள் ஆச்சு, அதிகாரி வந்து நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டான்னு.

— ஒட்டினது நிஜம்தானே. பொதுக் கரையில ஒரே இடத்துல பதினாலு நாளுக்கு மேல கட்டக் கூடாதுங்கிறது என் சட்டமா?

— உன் சட்டம்னு யாரு சொன்னா? உனக்கு ரொம்ப வசதியான சட்டம்னு சொல்றேன்.

— பேசு, பேசு. எல்லாத்துக்கும் நான்தான் காரணம். படகைத் தப்பா கட்டிக் குடுத்தவன் ஹாரப். திட்டு வாங்கறவன் லென்.

— ஹாரப்பையும் திட்டினேனே. அவன் பட்டறையில, அவன் வேலைக்காரங்க முன்னால, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். மனுஷன் என் முகத்தைப் பாக்கலை. தலையைக் குனிஞ்சு தரையையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் நீ என்னைக் கார்ல உக்கார வெச்சுட்டு, நானே பேசிட்டு வரேன்னு போனே.

— நான் பேசினதாலதான் விஷயம் முடிஞ்சது. வேற யாருக்கோ நீளமா வெட்டி வெச்சிருந்த இரும்புத் தகட்டுல நம்ம படகைக் கட்டிட்டான். ஒத்துக்கிட்டான். புதுசா கட்டித் தரேன், ரெண்டு வருஷம் காத்திருங்கன்னான். கவென்ட்ரி வீட்டை வித்தாச்சு. சாமானெல்லாம் உன் தங்கச்சி கொட்டகையில. ரெண்டு வருஷம் எங்க போய்ப் படுப்போம்? இருக்கிறதை எடுத்துக்கலாம்னு நீயும்தானே சொன்னே?

— சொன்னேன். ரெண்டே வருஷம், இதை வித்துட்டு வேற கட்டிக்கலாம்னு நீ சொன்னே, அதை நம்பிச் சொன்னேன். அம்பத்தேழு அடின்னு அந்த ஆர்டர் காகிதத்துல என் கையாலேயே பெருசா எழுதி, அடியில கோடு போட்டுக் குடுத்தேன். நீதான் கொண்டுபோய்க் குடுத்தே. அம்பத்தேழுன்னா எந்தக் கால்வாய்க்கும் போகலாம்னு சந்தோஷத்துல அன்னிக்கு ராத்திரி நான் தூங்கலை.

— பழசைக் கிளறாத.

— அவன் செத்தப்போ ஒரு பூ அனுப்பலை நான். அவன் பொண்டாட்டி கடுதாசி போட்டா. அதை அடுப்புல போட்டுட்டேன்.

— யாரோ வராங்க. கொஞ்சம் மெதுவாப் பேசு.

— ஏனுங்க, மாட்டிக்கிட்டீங்களா? பயப்படாதீங்க கண்ணு, வாரத்துக்கு ஒருத்தரு இப்பிடி வந்து மாட்டறதுதான். என் பேரு வில்ஃப். இந்த லாக்கைப் பாத்துக்கறவன். சம்பளமில்லாத உத்தியோகமுங்க, நீலச் சட்டை மட்டும் குடுப்பாங்க.

— மாட்டலைங்க. போகுமான்னு பாத்தோம். போகலை. நான் நொரீன். அந்தச் சுக்கான் பக்கத்துல திரும்பி நிக்கிறது என் வீட்டுக்காரர்.

— படகு என்ன நீளமுங்க?

— அறுபத்திரெண்டு.

— அடக் கொடுமையே. அறுபத்திரெண்டை வெச்சுக்கிட்டு எதுக்குங்க இக்கட்ட வந்தீங்க? முதல் குட்டை லாக்கே இதுதானுங்களே. இங்கிருந்து மேல சவர்பி பிரிட்ஜ் ஊர் வரைக்கும் எல்லாம் இதே குட்டைதான்.

— சவர்பி பிரிட்ஜுக்குத்தாங்க போகணும். ரெண்டு நாள்ல.

— இந்தப் படகுல ரெண்டு வருஷமானாலும் போகாதுங்க கண்ணு. மூஞ்சிக்கு நேரா சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க.

— மூஞ்சிக்கு நேரா சொல்ல ஒரு ஆளாவது இருக்கீங்களே.

— படகுப் பேரு என்ன போட்டிருக்குது? கண்ணாடி போடாம வந்துட்டேன்.

— 'கிட்ட வந்தாச்சு.'

— ஹா! நல்ல பேரு வெச்சீங்க போங்க.

— அவர் வெச்ச பேரு. சரி, நடுவுல அறுத்து நீளத்தைக் குறைப்பாங்களாமே, அது எத்தனை நாள் ஆகும்?

— அறுத்து ஒட்டறவங்க இருக்காங்க. ஆனா பட்டறையில இடம் கிடைக்கறதுக்கே மாசக்கணக்காகுமுங்க. எத்தனை வருஷமா வெச்சிருக்கீங்க இந்தப் படகு?

— பதினோரு வருஷம்.

— பதினோரு வருஷத்துல அறுத்திருக்கலாமேங்க?

— கேளுங்க. அவர்கிட்டயே கேளுங்க. லென், அவர் கேக்கறாரு பாரு. திரும்பி நின்னு பதில் சொல்லு.

— நான் என்ன சொல்றேன்னா, அறுத்த படகு அறுத்த படகுதான். கண்டிப்பா ஒழுகும். நடுவுல அடுப்பு இருக்கு, குளியலறை இருக்கு. எல்லாத்தையும் பிரிக்கணும்.

— இந்த வருஷம் அடுப்பு. போன வருஷம் குளியலறை. அதுக்கு முந்தின வருஷம் உன் முட்டி. ஒவ்வொரு குளிர்காலமும் அடுத்த குளிர்காலம்னு சொல்லிச் சொல்லியே பதினோரு குளிர்காலம் போச்சு. கரையில நடக்கறவங்கல்லாம் நம்மைப் பாத்துக் கையாட்டுவாங்க வில்ஃப், குடுத்து வெச்சவங்கன்னு. நானும் பதிலுக்குக் கையாட்டுவேன். என் மக ஒரு ரூமுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா மரத்துப் போயிக்கிட்டு இருந்தா. நான் வாத்துக்கு ரொட்டி போட்டுக்கிட்டு, கையாட்டிக்கிட்டு இருந்தேன்.

— உங்க மகளுங்களா சவர்பி பிரிட்ஜுல?

— முதல் கல்யாணத்துப் பொண்ணு. இவருக்கு அவளைப் பிடிக்காது.

— அது பொய். அவளுக்குத்தான் என்னைப் பிடிக்காது. கல்யாணத்தன்னிக்கு எனக்குக் கை குடுக்காமப் போனவ அவ. அவ தோட்டத்துக் கடைசில, அவ வளையத்துல கட்டிக் கிடக்கணும்னா நான் யாரு அங்க? நாய்தானே? நீ காலைலேருந்து ராத்திரி வரைக்கும் அவ வீட்டுக்குள்ள இருப்பே. நான் வாலை ஆட்டிக்கிட்டு நீ எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டு இருக்கணும்.

— இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, லென்.

— சொல்லி என்ன ஆகப்போகுது? படகுதான் போகலையே. பதினோரு வருஷம் நாம ரெண்டு பேரும் நல்லா இருக்கலையா, நொரீன்? மனசைத் தொட்டுச் சொல்லு. இலையுதிர் காலத்துல ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் மூடுபனியில போனோமே, நீ பாடிக்கிட்டு வந்தியே.

— பாடினேன். நான் மரக்கட்டையா, பாடாம இருக்க? ஆனா அன்னிக்கும் மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடிக்கிட்டுத்தான் இருந்தது. ஒரு கிறுக்கன் தப்பா வெட்டின தகட்டால எம் மக தனியா கிடக்கிறாளேன்னு.

— நான் வேணா அப்புறமா வரட்டுங்களா? வீட்டுச் சண்டை நடுவுல நான் எதுக்கு?

— இல்லீங்க வில்ஃப், இருங்க. கேள்வி கேக்க ஆள் இருந்தாத்தான் இவர் பதில் சொல்றாரு. அதை இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சேன்.

— நொரீன், படகைப் பின்னால எடுக்கறேன். கயிறை அவிழு. பின்னால வர்றவங்களுக்கு வழி விடணும்.

— பின்னால யாருமே இல்லீங்களே. மேலதான் ஒரு படகு காத்துட்டிருக்குது. நீங்க வெளிய போனதும் நான் தொட்டியை நிரப்பி அவங்களை எறக்கணும். என் நெம்புகட்டை அக்கட்டால குடிசையில கெடக்குது. இது யாருதுங்க, கதவு மேல கெடக்கறது? உங்களுதா?

— எங்களுதுதான். நான்தான் எடுத்துட்டு வந்தேன், படகு உள்ள போச்சுன்னா மதகைத் தூக்க வேணுமேன்னு. பாத்தீங்களா என் ஆசையை?

— மத்த கால்வாய்ல எல்லாம் இரும்புச் சாவிதான் வெச்சுத் திருகுவாங்க. இந்தக் கட்டை இக்கட்ட மட்டும்தான் வேணும். இங்க வராத நீங்க எப்பிடிங்க வெச்சிருக்கீங்க?

— படகு கட்டின ஹாரப் குடுத்தாராம். தப்பு பண்ணினதுக்குப் பரிகாரமா. போக முடியாத ஊருக்கு ஒரு சாவி! பதினோரு வருஷமா நிலக்கரிப் பெட்டி மூடிக்கு முட்டுக் குடுக்க வெச்சிருந்தேன். லென், ஹாரப்தானே குடுத்தாரு?

— ஆமா, ஆமா. கட்டையை அவர்கிட்டக் குடுத்துட்டு நீ ஏறு.

— இருங்க கண்ணு. இதை யாரு குடுத்தாங்கன்னீங்க?

— ஹாரப். பட்டறைக்காரர். செத்துட்டாரு.

— செத்தவரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா இது நான் செதுக்கின கட்டையாச்சே. அடியில தடவிப் பாருங்க, கம்பியைக் காய்ச்சி மீன் மாதிரி ஒரு சூடு வெச்சிருக்கறேன். என் கொல்லைல புயல்ல ஒரு மரம் விழுந்துச்சு. அதுல ஆறே கட்டைதான் தேறுச்சு. அதுக்கு மட்டும்தான் மீன் சூடு வெச்சேன்.

— நிறையப் பேரு மீன் சூடு வெப்பாங்க. இதெல்லாம் ஒரு விஷயமா? நொரீன், ஏறு.

— மீனுக்குக் கண்ணு ரெண்டும் ஒரே பக்கமா வெச்சு என் பேத்தி வரைஞ்சு குடுத்ததுங்க. அந்த மாதிரி கோணல் மீனை வேற எவனும் சூடு வெக்க மாட்டான்.

— எந்த வருஷம் வில்ஃப், புயல்?

— பதிமூணு வருஷம் இருக்குமுங்க. எம் பொண்டாட்டி தவறிப்போன வருஷம் அது, மறக்குமா? அடுத்த வசந்தத்துல உக்காந்து செதுக்கினேன். ஆறும் இந்த லாக்குலயே வித்துப் போச்சு. அஞ்சு பேரு இந்தக் கால்வாய்ப் படகுக்காரங்க, இன்னிக்கும் பாக்கறேன். ஆறாவது கட்டையை வாங்கினவரு மட்டும் படகுல வரலீங்க, கார்ல வந்தாரு.

— பட்டறைக்காரரா இருக்கும். நான் என்ன சொல்றேன்னா...

— லென், நீ வாயை மூடு. கார்ல வந்தவர் பட்டறைக்காரரா வில்ஃப்?

— இல்லீங்களே. படகு இனிமேத்தான் கட்டப் போறேன், பட்டறையில நீளம் சொல்றதுக்கு முந்தி நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்னாரு. மழை கொட்டுது. நனைஞ்சுக்கிட்டே டேப்பை வெச்சு இந்தத் தொட்டியை மூணு தடவை அளந்தாரு. நான்தான் டேப்போட அந்த முனையைப் பிடிச்சுக்கிட்டேன். பாவமா இருந்துச்சு, குடிசைக்குள்ள கூட்டிட்டுப் போய் டீ குடுத்தேன். பேச்சுக்குப் பேச்சு கணக்கு கணக்குதான்னு சொல்லிட்டிருந்தாரு. போறப்ப சும்மா போகக் கூடாதுன்னு இந்தக் கட்டையை வாங்கிட்டுப் போனாரு.

— இதுக்கு முன்னால இந்த லாக்கைப் பாத்ததே இல்லைன்னு சொன்னே, லென். இன்னிக்குக் காலைலகூடச் சொன்னே.

— நொரீன், குளிருது. உள்ள போயிப் பேசலாம். உள்ள வா, கண்ணு.

— அவர் என்ன கேட்டாரு வில்ஃப்? அம்பத்தேழு போகுமான்னு கேட்டாரா?

— அதைக் கேட்டாரு, போகும்னேன். கோணலா வெச்சா அறுபதும் நுழைஞ்சிரும்னேன். அதைக் கேட்டதும் மூஞ்சி ஒரு மாதிரி சுருங்கிப்போச்சு. அதுக்கப்புறம் அவரு ஒண்ணு கேட்டாரு பாருங்க, அதனாலதான் ஆளை மறக்கலை... ஏனுங்க, கொஞ்சம் இக்கட்டத் திரும்புங்க. அட! தாடி வெச்சதுல அடையாளமே தெரியலீங்களே, நீங்கதானுங்களா அது? இத்தனை வருஷமா இங்க வர்ற அத்தனை பேரும் எவ்வளவு நீளம் வரைக்கும் போகும்னுதானுங்க கேப்பாங்க. எவ்வளவு நீளமா கட்டினா என்ன பண்ணினாலும் போகவே போகாதுன்னு கேட்டது நீங்க ஒருத்தருதான்.